குப்பைமேடா, நீர்த்தேக்கமா? குளிர்காலத்தில் அரிய கடற்காகங்களைத் தேடுவோருக்கு

இங்கிலாந்தில் குளிர்காலம் பிறந்துவிட்டால் கடற்காகம் பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி நகரத்துக் குப்பையைக் கொட்டும் மேட்டைத் தேடிப் போகும். மற்றது பிற்பகல் இரண்டு மணிக்கே நீர்த்தேக்கக் கரையில் முக்காலியை ஊன்றிவிடும். முதல் இடத்தில் நாற்றம், இரண்டாவதில் விரல் விறைக்கும் குளிர். லண்டனில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர், வாத்து, கொக்கு, உள்ளான் எல்லாம் ஓரளவு அத்துப்படியான பிறகு இந்தப் பக்கம் திரும்புகிறார்கள். "அண்ணா, ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, எங்கே போகலாம்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: எந்தக் கடற்காகத்தைப் பார்க்க வேண்டும்?

பலரும் வீட்டுக்கு எது பக்கம், கார் நிறுத்த எங்கே இடம் என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படிப் போனால் ஆயிரக்கணக்கில் கடற்காகம் பார்க்கலாம், தேடிப் போனதைப் பார்க்காமல் திரும்பலாம். என் கட்சியை முன்பே சொல்லிவிடுகிறேன். வடதுருவப் பக்கத்திலிருந்து வரும் வெள்ளைச் சிறகுக் கடற்காகங்கள் வேண்டுமானால் நீர்த்தேக்கம். கிழக்கிலிருந்து வரும் காஸ்பியன் கடற்காகம் வேண்டுமானால் குப்பைமேடு, அல்லது அதை ஒட்டிய ஆற்றங்கரை. ஏன் என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

மேட்டில் இரை தேடுபவையும் நீர்த்தேக்கத்தில் அடைபவையும் பெரும்பாலும் அதே பறவைகள்தாம். விடிந்ததும் மேட்டுக்குப் போகின்றன. வயிறு நிறைந்ததும் பக்கத்து வயலிலோ ஆற்றுச் சேற்றிலோ நின்று இறகு கோதுகின்றன. நன்னீர் கிடைத்தால் குளிக்கின்றன. பிற்பகலில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, சில சமயம் 20, 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய நீர்ப்பரப்பைத் தேடிப் போய், நடுத் தண்ணீரில் மிதந்தபடி இரவைக் கழிக்கின்றன. அங்கே நரிக்கு எட்டாது. ஸ்டாஃபோர்டுஷயரில் கேனக் நகரை ஒட்டிய பாப்ளர்ஸ் குப்பைமேட்டில் பகலில் தின்றவை மாலையில் சேஸ்வாட்டர், பெல்வைட் நீர்த்தேக்கங்களில் வந்து இறங்குவது அந்தப் பக்கத்துப் பறவை பார்ப்பவர்களுக்குப் பழகிய காட்சி. ஆக, நாம் தேர்ந்தெடுப்பது ஒரே பறவையின் நாளில் எந்த நேரத்தில் அதைச் சந்திப்பது என்பதைத்தான்.

இந்தப் போக்குவரத்துக்கு மிகப் பெரிய வயதில்லை. சேஸ்வாட்டர் 1797-இல் கால்வாய்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டியது, அது விதிவிலக்கு. லண்டனைச் சுற்றியுள்ள பெரிய தேக்கங்கள் 20ஆம் நூற்றாண்டின் பிள்ளைகள்: சிங்ஃபோர்டில் ஐந்தாம் ஜார்ஜ் நீர்த்தேக்கம் 1913, மேற்கே குவீன் மேரி 1925, மறுபடி சிங்ஃபோர்டில் வில்லியம் கேர்லிங் 1951. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகு குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது நின்று, மண் போட்டு மூடும் வழக்கம் பரவியது. முன்பு சாம்பலாகிப் போன எச்சில் உணவு இப்போது கடற்காகத்துக்குக் கிடைத்தது. கடற்கரைப் பறவை உள்நாட்டில் பெருகியதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். பகல் உணவும் இரவுத் தங்கலும் ஒரே காலத்தில் அமைந்தன.

இனி, அரியவை என்று எவற்றைச் சொல்கிறோம்? ஹெர்ரிங் கடற்காகம், சிறிய கருமுதுகு, பெரிய கருமுதுகு, கருந்தலை, காமன் ஆகிய ஐந்தும்தான் கூட்டத்தின் பெரும்பகுதி. பிரிட்டனில் குளிர்காலத்தில் ஹெர்ரிங் மட்டுமே லட்சக்கணக்கில் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஆர்க்டிக்கைச் சுற்றிக் கூடு கட்டும் கிளாகஸ், கிரீன்லாந்திலிருந்து வரும் ஐஸ்லாந்து கடற்காகம், அதன் கனடா உறவான கும்லியன் ஆகியவை வெள்ளைச் சிறகுக்காரர்கள். சாதாரண ஆண்டில் நாடு முழுவதற்கும் சேர்த்துச் சில நூறு வந்தால் உண்டு. 2012 தொடக்கத்தில் வந்ததைப் போல் எப்போதாவது ஓர் ஆண்டு ஐஸ்லாந்து கடற்காகங்கள் அள்ளிக்கொண்டு வரும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் காஸ்பியன் வேறு வகைப் புதிர். மத்தியதரைக் கடல் பக்கத்து மஞ்சள்கால் கடற்காகம் கோடையின் முடிவிலேயே வந்து, குளிர்காலத்தில் ஓரளவு தங்கிவிடும். இவை இரண்டையும் ஹெர்ரிங்கின் கிளைகளாகவே வைத்திருந்து, 2000களின் நடுவில்தான் பிரிட்டிஷ் பட்டியலில் தனி இனங்களாகப் பிரித்தார்கள். அதன் பிறகுதான் பலரும் குப்பைமேட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கத் தொடங்கினார்கள்.

குப்பைமேட்டில் நடப்பதைப் பார்ப்போம். லாரிகள் வந்து கொட்டுமிடம் ஒரு சிறு பரப்புதான். இரும்புப் பற்கள் கொண்ட சக்கரங்களோடு கனரக வண்டி ஒன்று அதன்மேல் ஏறி இறங்கி நசுக்கும். அதன் பின்னாலேயே கடற்காகங்கள் விழுந்து எழும். மாலையில் அந்த முகப்பின்மேல் மண்ணோ வேறு மூடுபொருளோ போட்டுவிடுவார்கள். உணவு கிடைக்கும் நேரம் வேலை நேரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, பறவைகளும் அதைக் கற்றுவைத்திருக்கின்றன. பல மேடுகள் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு விடுமுறை. அன்றைக்குப் போனால் காலி மேட்டைத்தான் பார்க்கலாம்.

மேட்டின் பெரிய லாபம், பறவை நிற்கும். நிற்கும் பறவைக்குக் கால் உண்டு. சாதாரண விஷயமாகத் தோன்றும், ஆனால் காஸ்பியனைத் தேடுபவருக்குக் கால்தான் பாதி விடை. நீளமான, மெல்லிய கால்கள். நெஞ்சு முன்தள்ளி, வால் பக்கம் இறகு நீண்டு, சற்று ஒல்லியாக நிற்கும் தோரணை. முதல் குளிர்காலப் பறவையாக, அதாவது போன கோடையில் பிறந்ததாக, இருந்தால் வெளுத்த தலை, சின்னக் கருங்கண், நீண்டு நேராகப் போகும் அலகு, பிடரியின் கீழே சால்வை போர்த்தியதுபோல் கருங்கோடுகள், பறக்கும்போது வெளிறிய கீழ்ச்சிறகு. இவற்றில் ஏதாவது ஒன்றை வைத்து முடிவு சொன்னால் அனுபவசாலிகள் சிரிப்பார்கள். எல்லாம் சேர்ந்து வர வேண்டும். ஏனென்றால் போலந்திலும் கிழக்கு ஜெர்மனியிலும் காஸ்பியனும் ஹெர்ரிங்கும் கலந்து கூடு கட்டும் குடியேற்றங்கள் உண்டு, கலப்புப் பிள்ளைகளும் இங்கே வருகின்றன. அலகு காஸ்பியன், கால் ஹெர்ரிங் என்று ஒரு பறவை உங்கள் நாளைத் தின்றுவிடும்.

காலில் வளையமும் இருக்கும். தேம்ஸ் வடகரையில் இயங்கும் நார்த் தேம்ஸ் கல் குரூப் என்ற குழுவினர், எசெக்ஸ் குப்பைமேடுகளில் பீரங்கி வலை வீசிக் கடற்காகங்களைப் பிடித்து, ஆரஞ்சு நிற வளையத்தில் எழுத்துகள் பொறித்து மாட்டிவிடுகிறார்கள். போலந்து, ஜெர்மனி, நார்வே, நெதர்லாந்து வளையங்களும் கண்ணில் படும். எழுத்துகளைப் படித்து அனுப்பினால், பறவை எங்கே, எந்த ஆண்டு குஞ்சாக வளையமிடப்பட்டது என்று பதில் வரும். அடையாளத்தில் சந்தேகம் இருந்த ஒரு காஸ்பியனுக்குப் பிறப்புச் சான்றிதழே கிடைத்துவிடுகிறது. இது நீர்த்தேக்கத்தில் கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

மேட்டின் இன்னொரு கவர்ச்சி, எதுவும் வரலாம் என்பது. 2011 ஜனவரியில் லண்டனின் கிழக்கு ஓரத்தில், ரெய்னம் குப்பைமேட்டில், ஜப்பான், கம்சாட்கா பக்கத்துப் பறவையான கரும்பலகை முதுகுக் கடற்காகம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டனுக்கு அது முதல் பதிவு. பிறகு எசெக்ஸில் பிட்சி குப்பைமேட்டிலும் தலைகாட்டியது. அதைப் பார்க்க நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து, குப்பைமேட்டுக்கு எதிரே வரிசையாக நின்றார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டுக் குறையைச் சொல்லாமல் இருந்தால் நியாயமில்லை. குப்பைமேடு தனியார் வேலைத்தளம். கனரக வண்டிகள் ஓடும், கீழே மீத்தேன் இருக்கும். அனுமதியின்றி உள்ளே போவது சட்டப்படியும் புத்திப்படியும் தவறு. எழுதிக் கேட்டால் சில இடங்களில் மேலாளர் ஒத்துக்கொள்வார், பளபளக்கும் மேற்சட்டையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் நிற்கலாம். பல இடங்களில் மறுப்புதான். வேலிக்கு வெளியே பொதுப்பாதையில் நின்றால் மேட்டின் சரிவு கொட்டும் முகப்பை மறைத்துவிடும். காவலர் ஒருவர் வந்து என்ன பார்க்கிறீர்கள் என்று விசாரிப்பார். கடற்காகம் என்றால் நம்புவது அவருக்குச் சிரமம், குற்றம் சொல்ல முடியாது. உள்ளே இடம் கிடைத்தாலும் கூட்டம் ஒரு நிமிடம் நிலையாக நிற்காது. பருந்து வளர்ப்பவரை வைத்து விரட்டுகிறார்கள், வலை கட்டுகிறார்கள், வெடிச்சத்தம் எழுப்புகிறார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பறவை எழுந்து 3,000 பறவைகளுக்குள் கலந்துவிட்டால், அரிசியில் விழுந்த வெள்ளைக் கல்தான்.

நீர்த்தேக்கத்தில் இந்தப் பதற்றம் இல்லை. சூரியன் மறைவதற்கு இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு முன்பே வரத்து தொடங்கும். லண்டனில் டிசம்பர் நடுவில் நான்கு மணிக்கு முன்பே அஸ்தமனம், ஆகவே ஒன்றரைக்கே இடம்பிடிக்க வேண்டும். பிப்ரவரிக் கடைசியில் ஐந்தரை வரை வெளிச்சம் இருக்கும். முதலில் பத்து பத்தாக, பிறகு நூறு நூறாக இறங்குவார்கள். இறங்கியவர்கள் அமைதியாக மிதப்பார்கள். மேட்டில் தலையெழுத்தாக இருந்த ஓட்டம் இங்கே நின்றுவிடுகிறது. தொலைநோக்கியை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தி, கடைசிப் பறவை வரை பார்த்து, மறுபடி முதலிலிருந்து பார்க்கலாம். அதற்குள் புதிதாக ஒரு நூறு சேர்ந்திருக்கும்.

இந்த அமைதிக்கு விலை தூரம். பெரிய தேக்கங்களில் கூட்டம் அரைக் கிலோமீட்டர், சில நாள் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். பைனாகுலர் மட்டும் வைத்திருப்பவர் வீட்டில் இருக்கலாம். 20 முதல் 60 மடங்கு பெருக்கும் தொலைநோக்கியும் ஆடாத முக்காலியும் இல்லாமல் பயன் கிடையாது. அலையடித்தால் பறவை பாதி நேரம் மறைந்திருக்கும். எல்லாம் தண்ணீரில் உட்கார்ந்திருப்பதால் காலும் தெரியாது, வளையமும் தெரியாது. சிறகு நுனியின் அடிப்பக்கத்தைப் பார்க்கப் பறவை சோம்பல் முறிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பொழுது வேறு இறங்கிக்கொண்டே போகும்.

சில சின்னச் சூத்திரங்கள் உதவும். சூரியன் தென்மேற்கில் இறங்கும், ஆகவே மேற்கு அல்லது தென்மேற்குக் கரையில் நின்று வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொள்ளுங்கள். மிதக்கும் கடற்காகங்கள் காற்றுக்கு முகம் கொடுத்து உட்காரும். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசினால் எல்லாம் நேராக உங்களைப் பார்த்திருக்கும், முதுகின் நிறமும் அலகின் நீளமும் சரியாகத் தெரியாது. பக்கவாட்டில் காற்று வீசும் கரையே மேல். பலத்த காற்று அடித்தால் கூட்டம் ஒதுக்கான கரைக்கு நகர்ந்துவரும், அன்றைக்குத் தூரம் குறையும். உறைபனி நாட்கள் இன்னும் நல்லவை. தேக்கத்தின் ஒரு பகுதி பனிக்கட்டியாகிவிட்டால் பறவைகள் அதன்மேல் ஏறி நிற்கும். நீர்த்தேக்கத்தில் கால் பார்க்கக் கிடைக்கும் ஒரே நாள் அதுதான், குளிர் தாங்குபவர்கள் விடக்கூடாது.

இப்போது கிளாகஸையும் ஐஸ்லாந்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சிறகு நுனியில் கறுப்பே கிடையாது. சுற்றியுள்ள ஆயிரங்கள் எல்லாம் கறுப்பு நுனியோடு மிதக்கும்போது, பின்பக்கம் வெளுத்த ஒன்று தூரத்திலும் தனித்துத் தெரியும். வெளிச்சம் குறையக் குறைய இது இன்னும் எடுப்பாகும். எதிர்க்கரையின் இருட்டைப் பின்னணியாக வைத்து ஒரு முதல் குளிர்கால கிளாகஸ் பறந்து வந்தால், பால்காப்பி நிறத்தில், பெரிய கருமுதுகுக்கு இணையான உடம்போடு, கூட்டத்தில் யாருக்குமே சந்தேகம் வராது. இறங்கியபின் அலகைப் பார்த்தால் முடிந்தது: இளஞ்சிவப்பு அலகு, நுனியில் மையில் தோய்த்ததுபோல் கறுப்பு. ஐஸ்லாந்து சிறிது, தலை உருண்டை, அலகு குட்டை, முதல் குளிர்காலத்தில் அலகின் பெரும்பகுதி கறுப்பாகவே இருக்கும், சிறகு நுனி வாலைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கும். இதற்கெல்லாம் கால் தேவையில்லை, வளையம் தேவையில்லை. ஒரு பெரிய வட்டாரத்தின் கடற்காகங்கள் அத்தனையும் ஒரே இடத்துக்கு வருவதுதான் தேவை. அதை நீர்த்தேக்கம் கொடுக்கிறது. நாலு குப்பைமேட்டிலும் நாற்பது வயலிலும் சிதறிக் கிடந்த ஒரே ஒரு கிளாகஸ், மாலையில் உங்கள் முன்னால் வந்து உட்கார வாய்ப்பிருக்கிறது.

நிறமி குறைந்து வெளுத்துப்போன ஹெர்ரிங் மட்டும் ஏமாற்றும். அலகின் வடிவமும் உடம்பின் கட்டும் ஹெர்ரிங்காகவே இருந்தால் கொண்டாட்டத்தை நிறுத்திவையுங்கள்.

காஸ்பியனுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். முதல் குளிர்காலப் பறவையை 700 மீட்டரில், அலையில், நாலு மணிக்கு, கால் தெரியாமல் 'காஸ்பியன்' என்று எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. எழுதுகிறார்கள், அது வேறு விஷயம். வளர்ந்த பறவையானால் நீர்த்தேக்கத்திலும் ஓரளவு முடியும். டிசம்பரில் ஹெர்ரிங் தலையெல்லாம் பழுப்புக் கோடுகளாக இருக்கும், காஸ்பியனும் மஞ்சள்காலும் வெள்ளைத் தலையோடு இருக்கும். மஞ்சள்காலுக்கு முதுகும் ஒரு படி கருமை கூட. ஆகவே வளர்ந்த மஞ்சள்காலைப் பிடிக்க ஆண்டின் இறுதியில் நீர்த்தேக்கம் நல்ல இடம். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் பெரிய, கரிய முதுகு ஹெர்ரிங் அப்போது குழப்பும், ஆனால் அதன் தலை அழுக்காக இருந்து காட்டிக்கொடுக்கும். பிப்ரவரிக் கடைசிக்குள் ஹெர்ரிங் தலைகளும் வெளுக்கத் தொடங்கிவிட, இந்தச் சலுகை போய்விடும். மாதத்தைப் பார்க்காமல் இடத்தை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, லண்டன்காரர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது அதைத்தான். மேட்டுக்கும் தேக்கத்துக்கும் இடையில் பறவை ஓய்வெடுக்கும் இடம். ரெய்னம் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் ராணுவத்தின் சுடுதளம், பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்எஸ்பிபி 2000-இல் வாங்கி, 2006-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. பார்வையாளர் மையம் பர்ஃப்ளீட் பக்கம் இருக்கிறது, பர்ஃப்ளீட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அங்கிருந்து ஆற்றோரப் பாதையில் மேற்கே நடந்தால் ஒரு பக்கம் குப்பைமேடு, மறுபக்கம் தேம்ஸ். ஆற்று நீர் வற்றும் நேரத்தில் வெளிப்படும் சேற்றில் கடற்காகங்கள் நிற்கும். இன்னும் மேலே போனால் கரையோரம் கிடக்கும் பழைய கான்கிரீட் படகுகளைச் சுற்றியும் நிற்கும். கால் தெரியும், வளையம் படிக்கலாம், காவலர் வரமாட்டார், நாற்றமும் காற்றின் திசையைப் பொறுத்ததுதான். ரொட்டித் துண்டு வீசிப் பக்கத்தில் வரவழைப்பவர்களும் உண்டு. பறவைக் காய்ச்சல் பரவிய 2021-க்குப் பிந்தைய குளிர்காலங்களுக்குப் பிறகு நான் அதை ஊக்குவிப்பதில்லை. செத்துக் கிடக்கும் கடற்காகத்தை எந்த இடத்திலும் கையால் தொடாதீர்கள், வளையம் எவ்வளவு ஆசை காட்டினாலும். எண்ணைத் தூரத்திலிருந்து படமெடுத்தால் போதும்.

ஆற்றங்கரையின் குறை எண்ணிக்கை. மேட்டில் 5,000 இருந்தால் சேற்றில் 300 இருக்கலாம். ஆனால் அந்த 300-ஐ முழுமையாகப் பார்க்க முடியும். அவை போனபின் வேறு 300 வரும்.

நீர்த்தேக்கங்களில் நுழைவு இடத்துக்கு இடம் மாறும். ஸ்டெயின்ஸ் தேக்கத்தின் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே போகும் பாதை பொதுப்பாதை, அனுமதிச் சீட்டு வேண்டாம். ஆனால் மேற்கு லண்டனில் பக்கத்திலேயே குவீன் மதர், ஆறாம் ஜார்ஜ், குவீன் மேரி என்று பெரிய தேக்கங்கள் இருப்பதால், கூட்டம் அன்றைக்கு எதில் இறங்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அவற்றின் கரைகள் உயரமானவை, வெளியிலிருந்து எட்டிப் பார்க்க முடியாது. சிங்ஃபோர்டிலும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். பெல்வைட் மேற்கு மிட்லண்ட்ஸ் பறவைக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது, அதற்கும் சீட்டு உண்டு. சேஸ்வாட்டர் பொதுப் பூங்கா. ரக்பி நகருக்கு அருகில் இருக்கும் டிரேகோட் வாட்டர்தான் என் பரிந்துரை. கார் வைத்திருப்பவர் எம்1 நெடுஞ்சாலை வழியாகப் போய் எம்45-இல் திரும்பினால் அதன் முடிவிலேயே இருக்கிறது. சுற்றிவர ஐந்து மைல் தார்ப்பாதை, கழிப்பறை, சூடாக ஏதாவது குடிக்க ஒரு கடை. குழந்தைகளோடு போகிறவருக்கு இதில் எந்தக் குப்பைமேடும் போட்டியிட முடியாது. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டட்டும், நீங்கள் கடற்காகம் பாருங்கள், இருட்டினால் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பலாம்.

கும்லியனை, ரொம்பப் பக்கத்தில், பத்துப் பதினைந்து ஐஸ்லாந்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை முற்றிவிட்டவர்களுக்கு இந்த இரண்டும் சரிப்படாது. அயர்லாந்தின் டோனகல் பக்கம் கில்லிபெக்ஸ் மீன்பிடித் துறைமுகத்துக்கு விமான டிக்கெட் எடுப்பதே வழி.

நுழைவு, வசதி, தூரம் எல்லாவற்றையும் விட இந்த ஒப்பீட்டை மாற்றிக்கொண்டிருப்பது வரி. பிரிட்டனில் 1996 அக்டோபரில் குப்பை புதைப்பு வரி வந்தபோது ஒரு டன்னுக்கு 7 பவுண்டு. 2025 ஏப்ரலில் அது 126 பவுண்டைத் தாண்டியது. உணவுக் கழிவைப் புதைப்பது நஷ்டம் என்றாகி, நகராட்சிகள் எரித்து மின்சாரம் எடுப்பதற்கும் தனியாகப் பிரிப்பதற்கும் மாறிவிட்டன. எசெக்ஸின் மக்கிங் குப்பைமேட்டுக்குப் பல பத்தாண்டுகளாக லண்டன் குப்பை தேம்ஸ் வழியே படகில் வந்துகொண்டிருந்தது. மேடு மூடப்பட்டது, படகுகள் இப்போது ஆற்றின் தென்கரையில் பெல்விடியரில் இருக்கும் எரியுலைக்குப் போகின்றன, மக்கிங் 2013-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. வானம்பாடிக்கு நல்லது, நடக்கப் போகிறவர்களுக்கு நல்லது. கடற்காகக்காரர்கள் மட்டும்தான் இந்தச் செய்தியைத் துக்கச் செய்திபோலப் பேசுவார்கள். அவர்களையும் முழுக்கக் கேலி செய்ய முடியவில்லை. ஹெர்ரிங் கடற்காகம் 2009 முதல், மிகவும் கவலைக்குரிய பறவைகளுக்கான பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது, 2024-இல் பெரிய கருமுதுகும் காமனும் அதில் சேர்ந்தன. குப்பை குறைவது மட்டுமே காரணமென்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் ஒரு நகரத்தின் எச்சிலை நம்பிப் பெருகிய பறவைக்கு அந்தச் சோறு நின்றுபோகிறது.

தேடுபவருக்கு இதன் பொருள் எளிது. குப்பைமேட்டைத் தேர்ந்தெடுப்பவர் போன ஆண்டுக் குறிப்பை நம்பிக் கிளம்பக் கூடாது. உணவுக் கழிவு இன்னும் அங்கே கொட்டப்படுகிறதா, எந்த முனையில் கொட்டுகிறார்கள் என்று முதலில் விசாரிக்க வேண்டும். மூடிய மேட்டில் மண்ணும் புல்லும்தான். மேடு மூடினால் பக்கத்துத் தேக்கத்திலும் கூட்டம் மெலியும், அதுவும் உண்மை. ஆனால் நீர்த்தேக்கம் இடத்தை விட்டு எழுந்து போகாது. கருந்தலை, காமன் போன்றவை வயலில் புழு தின்றுவிட்டும் அங்கேயே வந்து அடையும், அவற்றின் நடுவே மத்தியதரைக் கடற்காகம் (மஞ்சள்கால் அல்ல, இது வேறு இனம்) ஒன்று இரண்டு கிடைக்கும். பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை 1950களிலிருந்து அவ்வப்போது நடத்தும் குளிர்காலக் கணக்கெடுப்பும் பறவைகள் அடையும் இடங்களில்தான் நடக்கிறது. பத்து ஆண்டு கழித்து இதே கேள்வியைக் கேட்டால், குப்பைமேடு என்ற தேர்வே பாதி இடங்களில் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆகவே தெற்கு இங்கிலாந்தில் ஒரே ஒரு வார நாள் விடுப்பு எடுக்க முடிந்தால், அதை டிசம்பரிலோ ஜனவரியிலோ எடுத்து, நீர் வற்றும் நேரம் காலை பத்துக்கும் பிற்பகல் ஒன்றுக்கும் இடையில் வரும் நாளாகப் பார்த்து, பர்ஃப்ளீட்டில் இறங்கி ஆற்றோரம் நடங்கள். அன்றைய வேலை காஸ்பியன். வெள்ளைச் சிறகு எதுவும் கிடைத்தால் அது உபரி. வாரக் கடைசி மட்டும்தான் என்றால் டிரேகோட், அதுவும் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, வடக்கிலிருந்து நாலு நாள் காற்றடித்து ஓய்ந்த பிறகு. ஞாயிற்றுக்கிழமை மேடு மூடியிருந்தாலும் கூட்டம் இரவுக்கு எங்காவது அடைந்துதானே ஆக வேண்டும்? கிளம்புமுன் கார் நிறுத்துமிடத்தின் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாகஸ் பெரும்பாலும் அதற்குப் பத்து நிமிடம் முன்புதான் வரும்.